டர்பனில் பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுப்பது

டர்பன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.

திருநெல்வேலியில் இத்தனை வருஷமாகப் பழைய கார் வாங்கி விற்கிறவர் நீங்கள். தென்னாப்பிரிக்காவில் அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். செந்திலும் இங்கே வேலைக்கு வரப்போகிறான் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

ஷோரூமில் நிற்கிற சின்னக் கார்களில் பல நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. ஹூண்டாய் கிராண்ட் ஐ10 ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வண்டி. நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் ஒரகடத்து வண்டிகள். நம் பலேனோ இங்கே சுசுகி பெயரிலும் விற்கிறது, டொயோட்டா ஸ்டார்லெட் என்ற பெயரிலும் விற்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் மட்டும் டர்பனை ஒட்டிய ப்ராஸ்பெக்டன் ஆலையில் இங்கேயே தயாராகிறது. அதனால் வண்டியைப் பற்றிச் செந்திலுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பேரம்தான் வேறு மாதிரி.

உள்ளே போனதும் சேல்ஸ்மேன் கேட்கிற முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" இதற்குப் பதிலே சொல்லக் கூடாது. புது வண்டியின் விலை, பழைய வண்டியின் விலை, கடனின் வட்டி ஆகிய மூன்றும் தனித்தனிப் பேரம். மூன்றையும் ஒரே தவணைத் தொகைக்குள் கலந்துவிட்டால், ஒன்றில் விட்டுக்கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்வது டீலருக்கு மிகச் சுலபம். புது வண்டியின் விலையை முதலில் எழுத்தில் முடித்துவிட வேண்டும். பழைய வண்டிப் பேச்சு அதற்கப்புறம்.

ஒட்டியிருக்கும் விலையில் 15 விழுக்காடு வாட் வரி சேர்ந்தே இருக்கும். அதற்கு மேல் 'ஆன் தி ரோடு' என்று சில ஆயிரம் ராண்ட் போடுவார்கள். பதிவு, முன்கண்ணாடியில் ஒட்டுகிற லைசன்ஸ் டிஸ்க், நம்பர் பிளேட் ஆகியவற்றுக்கு உண்மையிலேயே செலவு உண்டு. ஆனால் 'டெலிவரி', 'டாக்குமென்ட்' என்று வருகிற கட்டணங்கள் டீலர் தன் இஷ்டத்துக்கு வைப்பவை. ஒவ்வொரு கட்டணத்தையும் பிரித்து எழுதித் தரச் சொன்னால் பாதி தானாகவே இறங்கும். வருங்கால சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டிவிடுகிற சர்வீஸ் பிளானும் அப்படித்தான். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற காம்பெட்டிஷன் கமிஷனின் வழிகாட்டுதலின்படி, அதை வண்டி விலையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்றால் விலை எவ்வளவு குறையும் என்று கேட்கலாம்.

வருஷக் கடைசியில் தள்ளுபடி நன்றாகக் கிடைக்கும். ஆனால் டிசம்பரில் பதிவான வண்டி ஜனவரி பிறந்ததும் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும், விற்கும்போது அது விலையில் தெரியும். ஏழெட்டு வருஷம் ஓட்டப் போகிறவனுக்கு இது பெரிய விஷயமில்லை. மூன்று வருஷத்தில் மாற்றுகிறவன் தள்ளுபடியோடு இந்த இழப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். இங்கே எல்லா டீலரும் வங்கியும் நம்புவது டிரான்ஸ்யூனியன் என்ற நிறுவனம் வெளியிடும் மதிப்புப் புத்தகத்தை. மாடல், வருஷம் வாரியாக ஒவ்வொரு வண்டிக்கும் அதில் இரண்டு விலை இருக்கும். டீலர் வாங்குகிற 'ட்ரேட்' விலை ஒன்று, அவர் விற்கிற 'ரீடெய்ல்' விலை இன்னொன்று. டீலர் ட்ரேட் விலையில் தொடங்கி, கிலோமீட்டருக்கும் பழுதுக்கும் கழித்துக்கொண்டே போவார். அவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்று தெரிந்தால் கழிவைக் குறைக்கலாம். பெயிண்ட் கனம் பார்க்கிற சின்னக் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைப்பார். கம்பெனிப் பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவு மட்டும் 300-ஐத் தாண்டினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறது என்று அர்த்தம். டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தை விரலால் தடவுவார். கடற்காற்றில் இங்கே துரு சீக்கிரம் பிடிக்கும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் இந்தப் பக்கம் உண்டு. அந்தப் பள்ளத்தின் மூலையில் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. பதிவுச் சான்றில் கோட் 2 என்று இருந்தால் சாதாரணப் பழைய வண்டி, கோட் 3 என்றால் விபத்தில் போய் மறுபடி கட்டிய வண்டி. கோட் 3-ஐப் பெரும்பாலான டீலர்கள் எடுக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது சாவி இல்லையென்றால் சில ஆயிரம் போகும். முத்திரை விழுந்த சர்வீஸ் புத்தகம் இல்லையென்றால் அதைவிடக் கூடுதலாகப் போகும். ஆனால் விற்பதற்கு முன் பெயிண்ட் அடிப்பதோ புது டயர் போடுவதோ வீண், போட்ட காசு திரும்பாது. கண்ணாடியில் விழுந்த கல் வெடிப்பை அடைப்பதும் உள்ளே நன்றாகக் கழுவுவதும் போதும். பிறகு வண்டியைக் காசு கொடுத்து நேரடியாக வாங்குகிற வீபைகார்ஸ் மாதிரி இடங்களில் ஒரு விலை வாங்கி, அந்தத் தாளோடு டீலரிடம் போக வேண்டும். அது இல்லாமல் பேசுவது வெறுங்கையோடு சந்தைக்குப் போகிற மாதிரி.

ஏமாறுகிற இடம் இதுதான், கணக்காகவே சொல்கிறேன். புது வண்டி 3 லட்சம் ராண்ட். ஒரு டீலர் 20,000 தள்ளுபடி தருகிறார், பழையதற்கு 1,40,000 தருகிறார். கையிலிருந்து போவது 1,40,000. இன்னொருவர் பழையதற்கு 1,55,000 என்று தாராளமாகச் சொல்கிறார், தள்ளுபடி பற்றி வாயே திறப்பதில்லை. இங்கே கையிலிருந்து போவது 1,45,000. பழைய வண்டிக்கு 15,000 அதிகம் கிடைத்த சந்தோஷத்தில் ஆள் 5,000 நஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடுவான். பழையதைக் கழித்த பிறகு வருகிற தொகை ஒன்றைத்தான் டீலருக்கு டீலர் ஒப்பிட வேண்டும்.

பழைய வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால், நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் என்று வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருப்பது போல இங்கே பதிவில் வங்கிதான் உரிமைதாரர். கடனை முழுதாக அடைக்கக் கட்ட வேண்டிய செட்டில்மென்ட் தொகையை எழுத்தில் தரும்படி வங்கியிடம் கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். கடன் 2,50,000 ராண்டும் அதற்கு மேலும் என்றால், முன்கூட்டி அடைப்பதற்கு மூன்று மாத வட்டி வரை கேட்கலாம். எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்கிறோமோ அந்த அளவுக்கு இது குறையும். வண்டி 1,40,000 போகும், பாக்கி 1,70,000 என்றால் அந்த 30,000-ஐப் புதுக் கடனில் சேர்த்துவிடலாம் என்பார்கள். தயவுசெய்து செந்திலை அதற்குச் சம்மதிக்க விடாதீர்கள். ஓட்டாத வண்டிக்கு ஆறு வருஷம் வட்டி கட்டுகிற வேலை அது.

கடன் பேச 'எஃப் அண்ட் ஐ' (ஃபைனான்ஸ், இன்ஷூரன்ஸ்) என்று தனி மேஜைக்கு அனுப்புவார்கள். வட்டி கூடுதலாக எழுதினால் வங்கியிடமிருந்து டீலருக்குக் கமிஷன் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் சொந்த வங்கியில் முதலிலேயே ஒரு வட்டி விகிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடனைத் தொடங்க அதிகபட்சம் 1,207.50 ராண்டும் மாதம் 69 ராண்டும்தான் கட்டணம் வாங்கலாம், வாட் சேர்த்து. அதே மேஜையில் கீறல் காப்பீடு, டயர் காப்பீடு, பெயிண்ட் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். என் அபிப்பிராயத்தில் யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி திருடு போய், காப்பீட்டுத் தொகை கடனை அடைக்கப் போதாமல் போனால் மிச்சத்தைக் கட்டுகிற பாலிசி. மற்றவை வேண்டாம்.

கடனில் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற பலூன் என்று ஒன்று இருக்கிறது. 3 லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி, 72 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை சுமார் 5,710. கடைசியில் 90,000 கட்டுகிறேன் என்று பலூன் வைத்தால் தவணை சுமார் 4,820-க்கு இறங்கும். பார்க்க லாபம் போல இருக்கும். மொத்தத்தில் 26,000 ராண்ட் அதிகம் போகிறது, 72-வது மாதம் 90,000 கையில் இல்லையென்றால் மறுபடி கடன். அந்தத் தேதி வரும்போது வண்டியின் மதிப்பு 90,000-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் கேட்க ஆளில்லை.

கையெழுத்துப் போடுகிற தாளுக்கு 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' என்று பெயர். ஷோரூமுக்கு நாமாகப் போய் வாங்கினால், மனசு மாறிவிட்டது என்று ஐந்து வேலை நாளில் திருப்பிக் கொடுக்கிற உரிமை கிடையாது. அந்த உரிமை, விற்பவர் தானாக நம்மைத் தேடி வந்து விற்ற சரக்குக்குத்தான். ஆகவே 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும்' என்பதையும் பழைய வண்டிக்குப் பேசிய விலையையும் அந்தத் தாளிலேயே எழுத வைக்க வேண்டும். வாய்வார்த்தையாக விட்டால், டெலிவரி அன்று "டயர் தேய்ந்திருக்கிறது" என்று விலையைக் குறைப்பார்கள். பழைய வண்டியை ஒப்படைக்கும்போது, சொந்தக்காரர் மாறியதைத் தெரிவிக்கிற என்.சி.ஓ. படிவத்தின் நகலை வாங்கி வைப்பது கட்டாயம். பெயர் மாறும்வரை அபராதச் சீட்டெல்லாம் பழைய சொந்தக்காரருக்குத்தான் வரும்.

காப்பீடு பற்றி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கே தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. பெட்ரோல் விலையோடு வசூலிக்கிற வரியிலிருந்து ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் என்ற அமைப்பு, விபத்தில் ஆளுக்கு ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு தருகிறது. வண்டிக்குத் தராது. கடனில் எடுத்தால் முழுக் காப்பீடு இருந்தால்தான் சாவி கைக்கு வரும்.

செந்திலுக்கு முதல் வேலை ஒன்று உண்டு. இந்த நாட்டு அடையாள எண் இல்லாதவர் பெயரில் வண்டி பதிவாக வேண்டுமானால் ட்ராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும். பாஸ்போர்ட்டோடு லைசன்சிங் அலுவலகத்தில் ஏ.என்.ஆர். படிவம் கொடுக்க வேண்டும், கார் பார்க்கத் தொடங்கும் முன்பே. விசா முடிகிற தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்று வங்கிகள் வழக்கமாகக் கேட்கும். ஆகவே மூன்று வருஷ விசாவோடு வருகிறவன் 72 மாதத் தவணையை நினைக்க வேண்டாம். முன்பணத்துக்கு என்ன கையிருப்பு கொண்டு வருகிறான் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், எந்த வண்டி தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்