கிரௌன் இம்பீரியல் பூத்தது: துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் தோட்டத்தில் கிரௌன் இம்பீரியல் என்னும் கிழங்குப் பூச்செடி இந்த வசந்தத்தில் பூத்துவிட்டது என்ற செய்தியைத் தெரிவித்து, அதற்குக் கைகொடுத்தவர்களுக்குத் தனித்தனியே நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ஃப்ரிட்டிலாரியா இம்பீரியாலிஸ் என்று பெயரிட்ட இச்செடி, துருக்கி, ஈரான் தொடங்கி இமயத்தின் மேற்கு அடிவாரம் வரையுள்ள மலைச்சரிவுகளுக்கு உரியது. குளிர்காலத்தில் நல்ல குளிரும் கோடையில் வறண்ட மண்ணும் வாய்த்தால்தான் ஒழுங்காகப் பூக்கும் என்பதால், டியூலிப் பூக்கும் எல்லாத் தோட்டங்களிலும் இதைக் காண முடிவதில்லை.

முதல் நன்றி, தம் தோட்டத்திலிருந்து கிழங்கைத் தோண்டித் தந்த பெரியவருக்கு உரியது. மேல்தோல் இல்லாத கிழங்கு ஆதலால் காற்றில் கிடந்து வாடிவிடாதபடி, ஈரம் கொஞ்சம் உள்ள மரத்தூளில் பொதிந்து கொடுத்தார். நரியின் வாடையை ஒத்த அதன் நெடிக்கு எலிகூட அண்டாது என்றும் சொன்னார். எலியைப் பற்றி எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டார் அண்டவில்லை.

கிழங்கைச் சாய்த்து நட வேண்டும் என்று சொன்ன அக்காவுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய தண்டு இருந்த இடத்தில் கிழங்கின் நடுவே ஒரு துளை இருக்கும். நேராக நட்டால் அதில் நீர் தேங்கி உள்ளிருந்தே அழுகிவிடக்கூடும் என்பதை அவர் துளையில் விரலை விட்டுக் காட்டியே விளக்கினார். இறுகிய களிமண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அடியில் பருமணல் கொட்டித் தந்த தம்பியின் உழைப்பும் இதில் அடங்கும்.

நட்டதற்கு அடுத்த வசந்தத்தில் இலை மட்டுமே வந்தது. இடம் மாறிய கிழங்கு ஓராண்டு பூக்காமல் இருப்பது இச்செடிக்கு வழக்கம்தான் என்று கூறி, தோண்டிப் பார்க்கும் எண்ணத்தையே கைவிடச் செய்தவரும், இலைகள் தாமாக மஞ்சளாகிக் காயும்வரை கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், அடுத்த பூவுக்கான உணவை அவைதாம் கிழங்கில் சேர்க்கின்றன என்று கண்டிப்புடன் சொல்லிப் பொட்டாஷ் உரமும் தந்தவரும் அதே அக்காதான். என் கணக்கில் பூவைக் கொண்டுவந்தது அந்த அறிவுரையே.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மறக்க முடியாது. லில்லிச் செடிகளைத் தின்னும் செந்நிற வண்டு இதையும் விடாது. தொட்டவுடன் அது கீழே விழுந்து, கருத்த வயிறு மேலே தெரியக் கிடப்பதால் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். ஒரு கையை இலைக்கடியில் ஏந்திக்கொண்டு மறுகையால் தட்டும் வித்தையைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். செடியில் நச்சுத்தன்மை உண்டென்று ஒவ்வொரு முறையும் அவர்களைக் கை கழுவ வைத்த தாயாருக்கும் நன்றி.

இப்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தண்டின் உச்சியில் இலைக்கொத்து நிமிர்ந்து நிற்க, அதன்கீழ் ஆரஞ்சு நிறப் பூக்கள் வட்டமாகத் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. குனிந்து ஒரு பூவுக்குள் அண்ணாந்து பார்த்தால், ஆறு இதழ்களின் அடியிலும் ஒவ்வொரு தேன்துளி தெளிவாகத் திரண்டு நிற்பது தெரியும். தண்டை மெல்ல அசைத்தாலும் அது எளிதில் விழுவதில்லை. ஐரோப்பாவில் நீலச் சிட்டுகள் இத்தேனை அருந்த வந்து மகரந்தம் பரப்புவதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இங்கு இதுவரை எறும்புகளும் வண்டினங்களும்தாம் வந்துள்ளன.

பூ உதிருமுன் அனைவரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறேன். கோடையில் இலை காய்ந்து அடங்கியபின் கிழங்கு இரண்டாகப் பிரிந்திருந்தால், ஒன்று அக்காவின் தோட்டத்துக்கு என்று முடிவு செய்தாயிற்று. தம்பி மண்வெட்டியுடன் தயாராக இருக்கவும்.

நன்றியுடன்,
தங்கள் அன்புள்ள தோட்டக்காரர்