சித்தாளின் பெயருக்கு எதிரே 'அன்ஸ்கில்டு' என்று எழுதுவதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய மாநில ஊதிய ஆலோசனை வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கட்டுமானத் தளங்களில் பொறியாளராகப் பணிபுரியும் நான், கூலிப் பதிவேடுகளில் நாள்தோறும் காணும் ஒரு சொல்லைக் குறித்துத் தங்களுக்கு எழுதுகிறேன். கொத்தனாரின் பெயருக்கு எதிரே 'ஸ்கில்டு' (திறன் பெற்றவர்) என்றும் சித்தாளின் பெயருக்கு எதிரே 'அன்ஸ்கில்டு' (திறனற்றவர்) என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நேற்று முதன்முறையாகச் சட்டி தூக்க வந்த பெண்ணுக்கும், கல்யாணமான புதிதில் தூக்கத் தொடங்கிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் தூக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அனுபவமே இல்லாதவர் என்று ஒருவரைப் பதிவுசெய்யும் இந்த வழக்கத்தை மாற்றும் அதிகாரமும் வாய்ப்பும் இப்போது தங்கள் கையில் இருக்கின்றன.

ஊதியங்கள் குறித்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது தொழிலாளரின் திறனையோ, பகுதியையோ, இரண்டையுமோ முதன்மையாகக் கருத வேண்டும் என்று அதன் 6-ஆவது பிரிவு கூறுகிறது. திறனற்ற, ஓரளவு திறன் பெற்ற, திறன் பெற்ற, உயர்திறன் பெற்ற என்று நான்கு வகைகளையும் அதுவே வகுக்கிறது. எந்த வேலை எந்த வகையில் அடங்கும் என்பது அறிவிக்கைகளில்தான் முடிவாகிறது. அந்த முடிவு பணத்தில் என்னவாகிறது என்பதற்கு மத்திய அரசின் அறிவிப்பு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபர் 1 முதல், மத்திய அரசின் வரம்புக்குள் வரும் கட்டுமானப் பணிகளில், பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் அன்ஸ்கில்டு வகைக்கு 783 ரூபாய், செமி ஸ்கில்டு வகைக்கு 868 ரூபாய், ஸ்கில்டு வகைக்கு 954 ரூபாய். முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையே நாளொன்றுக்கு 171 ரூபாய், மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டால் 4,446 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவும் வீட்டு வாடகையில் ஒரு பகுதியும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கின்றன.

சித்தாள் செய்யும் வேலையில் திறன் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், பூச்சு வேலை நடக்கும் தளத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் நாங்கள் எழுதுவதெல்லாம் சிமெண்டுக்கும் மணலுக்குமான விகிதம் மட்டுமே: கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு. இரவில் மழை பெய்து மணல் நனைந்திருந்தால் அந்த விகிதம் அப்படியே செல்லாது. ஈர மணல் உப்பிவிடும். சுமார் 5 சதவீத ஈரத்திலேயே அதன் பருமன் கால் பங்கு அளவுக்குக் கூடிவிடக்கூடும். சட்டிக் கணக்கில் அளந்தால் மணல் குறைந்துபோகும், வழக்கமான தண்ணீரை ஊற்றினாலோ கலவை இளகிவிடும். அனுபவமுள்ள சித்தாள் மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரல்களைத் திறந்து பார்க்கிறார். பிறகு மேஸ்திரியிடம் கேட்காமலேயே ஒரு சட்டி மணலைக் கூட்டுகிறார், தண்ணீரைக் குறைக்கிறார். ஆற்று மணலுக்குப் பழகிய கை, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு வேறு பதம் பார்க்க வேண்டும். அதில் தூள் அதிகம் என்பதால் தண்ணீர் கூடுதலாக இழுக்கும். இந்த மாற்றத்தைத் தளங்களில் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. கலவை போட்ட பெண்களே கண்டுபிடித்தார்கள்.

நேரக் கணக்கும் அவரிடம்தான் இருக்கிறது. தண்ணீர் பட்ட சிமெண்ட் அரை மணி நேரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார் எவ்வளவு வேகத்தில் பூசுகிறார், மூலை வருகிறதா, சன்னல் வருகிறதா என்று கீழேயிருந்து கவனித்து, கலவை தீராமலும் தேங்கி வீணாகாமலும் அனுப்பிக்கொண்டே இருப்பவர் சித்தாள். செங்கலை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும், பூசிய சுவருக்கு வெயில் ஏறுவதற்குள் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும் என்பதும் அவர் பொறுப்பு. புதிதாய் வந்தவரை அந்த இடத்தில் நிறுத்தினால் அன்றைய வேலை பாதியாகக் குறையும் என்பது எல்லா மேஸ்திரிகளுக்கும் தெரியும். ஆள் பிடிக்கும்போது, "பழகின சித்தாளா பாத்துக் கூட்டிட்டு வா" என்று அவர்கள் சொல்வது அதனால்தான். வேலைக்கு அழைக்கும்போது கணக்கில் வரும் அனுபவம் கூலி எழுதும்போது மட்டும் கணக்கில் வராமல் போவது நியாயமா என்று வாரியம் யோசிக்க வேண்டும்.

அரசின் விளக்கங்களே இந்தக் கேள்விக்கு விடை தருகின்றன. சிறிதளவே சுயமுடிவும் முன்னனுபவமும் தேவைப்படுகிற, அல்லது அவை தேவையே படாத எளிய பணிகளைச் செய்பவரையே அன்ஸ்கில்டு தொழிலாளர் என்று அரசு நெடுங்காலமாக விளக்கி வந்திருக்கிறது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட ஊதிய வரைவு விதிகளோ, வேலை செய்து பெற்ற அனுபவத்தால் வரும் திறனை, திறன் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பயன்படுத்தும் தொழிலைச் செமி ஸ்கில்டு என்று வரையறுத்தன. கொத்தனாரின் மேற்பார்வையில், தளத்திலேயே கற்ற பதத்தைக் கொண்டு கலவை போடும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறையை என்னால் எழுத இயலாது.

இந்த வகைப்பாடு பெண்களைத்தான் ஆயுள் முழுவதும் பிடித்துவைக்கிறது. உதவியாளாக வரும் இளைஞனின் கையில் ஓரிரு ஆண்டுகளில் யாராவது கரணையைக் கொடுத்துவிடுகிறார்கள். மத்தியான இடைவேளையில் அவன் சுவரின் கீழ்ப்பகுதியைப் பூசிப் பழகுகிறான், தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்க்கக் கற்றுக்கொள்கிறான், கொத்தனாராகிறான். அவனோடு அதே நாளில் வந்த பெண் சும்மாட்டோடு நின்றுவிடுகிறார். அவரால் முடியாது என்பது இதற்குக் காரணமே அல்ல. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கழிப்பறைகள் கட்டிய பெண் கொத்தனார்களை ஊரே 'ராணி மிஸ்திரி' என்று அழைத்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் முழு வீடுகளையே கட்டிக் கொடுத்திருக்கின்றன. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-இலேயே ஏற்றிருக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே கூலிக்கு எழுதிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. பெண்கள் செய்யும் வேலையின் மதிப்பை அளந்து பார்ப்பதும் அதில் அடங்கும்.

அந்தச் சொல் கூலி நாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. சாலை விபத்தில் ஒரு சித்தாள் இறந்தால், வருமானத்துக்குச் சான்று இல்லாத நிலையில் இழப்பீட்டைக் கணக்கிட, அன்ஸ்கில்டு தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியமே பல வழக்குகளில் அளவுகோலாகிறது. உயிரோடு இருந்தபோது பதிவேட்டில் எழுதப்பட்ட சொல், அவர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தொகையையும் குறைத்துவிடுகிறது.

வகைப்பாடு வேலைக்குத்தானே தவிர ஆளுக்கு அல்ல என்று ஒப்பந்ததாரர்கள் வாதிடக்கூடும். அதை நான் ஏற்கிறேன். ஆனால் முதல் நாளில் செங்கல் எடுத்துக் கொடுத்தவர் பத்தாம் ஆண்டில் கலவையின் பதத்துக்கும் புதியவர்களைப் பழக்குவதற்கும் பொறுப்பேற்கிறார் என்றால், வேலையே மாறிவிட்டது என்றுதானே பொருள்? கூலி கூடினால் பெண்களுக்குப் பதிலாக இயந்திரம் வந்துவிடும் என்ற அச்சம் இதைவிட வலுவானது. இருந்தாலும், கலவை இயந்திரமும் ரெடிமிக்ஸ் லாரியும் பெரிய தளங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. குறுகிய சந்துகளில் எழும் சிறு வீடுகளுக்கும் பழுதுபார்ப்பு வேலைகளுக்கும் அவை வருவது கடினம். சித்தாள்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான்.

ஆகவே, வரவிருக்கும் அறிவிக்கையில் சித்தாள் என்ற பணியை அனுபவத்தின் அடிப்படையில் இரண்டாகப் பிரித்து, மூன்றாண்டுகள் பணியாற்றியவரைச் செமி ஸ்கில்டு வகையில் சேர்க்க வேண்டுகிறேன். அந்த அனுபவத்துக்குச் சான்றாக, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்த நாளையே ஏற்றுக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு உடன் பணியாற்றிய இரண்டு கொத்தனார்களின் ஒப்புதல் போதும். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றலுக்கு, அதாவது வேலையிலேயே ஏற்கெனவே கற்ற திறனுக்கு, சான்றிதழ் தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழைப் பெற்றதனால் மட்டும் கூலி வகை மாறிவிடுவதில்லை. அந்த வகை மாற்றத்தை அறிவிக்கை கட்டாயமாக்க வேண்டும். தேர்வும் தளத்திலேயே, கூலி இழக்காமல், மணலும் சிமெண்டும் எதிரே இருக்க நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வு வைத்தால் பதம் தெரிந்த பலர் வெளியே நின்றுவிடுவார்கள்.

இதை முடிவு செய்வதற்கு முன், கட்டுமான வேலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றைச் சித்தாள்களுக்கென்றே தனியாக நடத்துங்கள். அதை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் அவர்களால் வர முடியும்.

இப்படிக்கு,
கட்டுமானத் தளப் பொறியாளர் ஒருவர்