கண்ணாடி போன கதை

சுங்கை பட்டாணி, கெடா
தை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்ணாடி எங்கே என்று அம்மா வீடியோ காலில் கேட்டபோது பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றேன். அது பொய். கண்ணாடி லங்காவித் தீவுக் கடலுக்குள் கிடக்கிறது. போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே போனைப் பிடுங்கிவிடுவாள் என்றுதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். வயலுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது கூட்டிப்போவார்கள். இந்தத் தடவை லங்காவி. கெடாவில் வார லீவு வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினோம். அலோர் ஸ்டார் தாண்டும் வரை ரோட்டோரம் வயல் வயலாக வந்துகொண்டே இருந்தது, எனக்குத் தூக்கமே வரவில்லை. மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று இந்த மாநிலத்தைத்தான் சொல்கிறார்கள். கெடாதான் நம் கடாரம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படையோடு வந்தான், நான் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தேன்.

கோலா கெடாவிலிருந்து பெர்ரியில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, பஸ் மாதிரி சீட்டு. கடலில் போகிறோம் என்றே தெரியாது.

செனாங் கடற்கரை நன்றாகத்தான் இருக்கிறது. மாவு மாதிரி மணல், வரிசையாக ரிசார்ட்டுகள். கடலை எதிரே வைத்துக்கொண்டு தொட்டி கட்டி அதில் குளிக்கிறார்கள். தென்னை மரங்களில் காய் முற்றித் தொங்குகிறது, பறிக்க ஆளில்லை. கஜா புயல் வந்த மறுநாள், 2018 நவம்பரில், நம் கொல்லையில் சாய்ந்து கிடந்த மரங்களை நீங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனீர்களே, அது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மரங்கள் நின்றிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். சரி, அதை விடுங்கள்.

கரையில் நூறு விதமான விளையாட்டு. பாராசூட்டைக் கட்டிப் படகால் இழுத்து ஆளை வானத்தில் ஏற்றுகிறார்கள். ஜெட் ஸ்கி என்று தண்ணீரில் ஓடும் பைக் ஒன்று. நாங்கள் ஏறியது வாழைப்பழப் படகு. மஞ்சளாகக் காற்றடைத்த நீளக் குழாய், அதன்மேல் ஆறு பேர் மாட்டின்மேல் உட்காருவதுபோலக் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும். முன்னால் மோட்டார் படகு இழுக்கிறது. நடுக்கடலில் அந்த ஆள் வெடுக்கென்று திருப்பினான், ஆறு பேரும் தண்ணீரில். விபத்து இல்லையாம், காசு கொடுப்பதே அதற்குத்தானாம். லைப் ஜாக்கெட் தூக்கிவிட்டது. நான் மேலே வந்தேன், கண்ணாடி வரவில்லை.

2004 மார்கழிச் சுனாமிக்கு அப்புறம் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா என்னிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியது நினைவிருக்கிறதா? உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறிய அந்த ஒரு நொடியில் அதுதான் வந்தது. அந்த அலை இங்கேயும் வந்திருக்கிறது. நான் இருக்கும் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் கோத்தா கோலா மூடாவில் உடைந்த படகுகளையே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் போய்ப் பார்த்தேன், உங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் கிலிம் ஆற்றுப் படகு. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, நடுவில் உப்பாறு, ஓரமெல்லாம் அலையாத்திக் காடு. லங்காவிக்கு 2007-இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா என்று பெயர் கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் பாறையையும் உச்சியையும் காட்டிக் காட்டிப் போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் புகை மூட்டம். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சேறும் வேரும் மட்டும் தெளிவு. அதனால் இரண்டு மணி நேரமும் வேரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நம் முத்துப்பேட்டைக் காட்டில் பென்சிலை நட்டுவைத்த மாதிரி சேற்றிலிருந்து வேர் மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, மிதித்தால் குத்தும். இங்கே நான் பார்த்ததில் பெரும்பாலும் சுரபுன்னை. வேர் தண்டிலிருந்தே வளைந்து இறங்கி, மரம் பத்துக் காலில் நிற்பதுபோல் இருக்கிறது. கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காய் இல்லை, முளை. மரத்திலேயே முளைத்து, பிறகுதான் சேற்றில் விழுகிறது. ஒன்று என் கண்ணெதிரே பொத்தென்று விழுந்து நேராகக் குத்திக்கொண்டு நின்றது. ஒற்றைக் கொடுக்கு நண்டு அதைச் சுற்றி வந்து பார்த்தது. அந்த வாடை இருக்கிறதே, அழுகல் மாதிரியும் உப்பு மாதிரியும், ஜாம்பவானோடைப் படகுத்துறை வாடையேதான்.

ஓரிடத்தில் ஒரு மரத்தைத் தொடப்போனேன். படகோட்டி மலாய்க்காரர், கையைத் தட்டிவிட்டு "பூத்தா பூத்தா" என்றார். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமாம். இலையைக் கிட்டத்தில் பார்த்தேன், நம் தில்லை மரம்! விறகுக்குப் போகும்போதெல்லாம் அப்பாயி இதையேதான் சொல்லும். "எங்கள் ஊரிலும் இதே மரம், இதே பயம்" என்று தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அப்புறம் எனக்காகவே மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

செம்பருந்துகள் தலைக்கு மேலே சுற்றின. கூட வந்த மன்னார்குடிப் பையன் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஹெலாங் என்றால் பருந்து, காவி என்றால் செம்பழுப்பு, இரண்டும் சேர்ந்துதான் லங்காவி என்று சொல்கிறார்கள். நம்ம காவிதாண்டா என்றான் அவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடும் நிழல்கள்தான்.

படகுக்கு ஆள் பங்கு நாற்பது ரிங்கிட். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த முத்துப்பேட்டைக் காட்டுக்குள் விறகுக்கு அல்லாமல் நான் ஒரு தடவை கூடப் போனதில்லை. கோரையாற்று வழியாக லகூன் வரை போக இப்போது படகுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

அறுப்பு மெஷின் கிடைத்ததா? அறுப்புக்கு முன்னாடியே உளுந்து தெளித்துவிட்டீர்களா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லி நெல்லைத் திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுபோங்கள். உங்களுக்கு ஒரு கைலியும் தங்கச்சிக்குச் சாக்லேட்டும் வாங்கியிருக்கிறேன், தீவில் வரி கிடையாது.

கண்ணாடிப் பவர் எழுதிய பழைய சீட்டு என் சர்டிபிகேட் பையில் இருக்கும். தங்கச்சியிடம் சொல்லி அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதற்கு என்று அம்மா கேட்டால், பஸ் கதையையே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்