அம்மாவின் நரி

பாப்பா,

போனில் சொன்னால் நீ சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முதல் சம்பளத்தில் அந்த எவல்யூஷன் என்கிற அட்டை விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தவளும் நீ, எங்களுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதைப் பரணில் ஏற்றிவிட்டு ஜெர்மனிக்கு விமானம் ஏறியவளும் நீ.

ஐப்பசி மழையில் நாலு நாளாகக் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. டிவி இல்லை. அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்போது தினமும் சாயங்காலக் காபி முடிந்ததும் ஒரு ஆட்டம் இல்லாமல் இருவருக்கும் ஓடவில்லை. டோக்கன்கள் கொஞ்சம் காணாமல் போனதால் அந்த இடத்தில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டோம், கோபப்படாதே.

அட்டையில் இருக்கிற பெயரையெல்லாம் அம்மா தன் வசதிக்கு மாற்றிவிட்டாள். நடுவில் இருக்கிற தீனிப் பலகை அவளுக்குக் குட்டை. மற்ற மிருகங்களை அடித்துத் தின்கிற கார்னிவோர் எதுவானாலும் நரி. ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து நீண்டது, குட்டை திறக்கும் முன்பே தனியாக ஒரு வாய் எடுத்துக்கொள்கிறதே, அதற்குப் பந்திக்கு முந்தி என்று பெயர். யாரை மனதில் வைத்துச் சொல்கிறாள் என்று உனக்கே தெரியும்.

தாத்தா வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டையால் கோடு போட்டு ஆடுபுலி ஆடி வளர்ந்தவன் நான். 3 புலி, 15 ஆடு, புலி தாண்டினால் ஆடு காலி, ஆடுகள் சேர்ந்து மறித்தால் புலிக்கு வழியில்லை, கணக்கு அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இதிலும் நான் ஆரம்பத்தில் ஒரே மிருகத்தை யானை அளவுக்கு வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதை லேசில் யாரும் அடிக்க முடியாதுதான், ஆனால் குட்டையில் தீனி இல்லாமல் அது தானாகவே செத்தது. ஆடுபுலியில் ஆடு கடைசிவரை ஆடுதான். இதில் நேற்றுவரை இலை தின்றது இன்று ஒரே அட்டையில் நரியாகிவிடுகிறது. 129 அட்டையில் 17 இந்த நரி அட்டை, மற்ற 16 குணங்களுக்கும் ஆளுக்கு 7தான், அதனால் எப்படியும் யார் கையிலாவது ஒன்று வந்து சேர்ந்துவிடும்.

இன்னொரு விஷயமும் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. சுற்றின் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு அட்டையைக் குட்டையில் கவிழ்த்து வைக்கிறோமே, அதில் இருக்கிற எண்தான் அந்தச் சுற்றின் தீனி. சில அட்டையில் கழித்தல் எண். அம்மா கையில் நரி இருக்கும் நாளெல்லாம் குட்டை வறண்டே கிடந்தது. நரிக்கு இலைதழை எதற்கு? இதை அவளுக்கு நீ சொல்லிக் கொடுத்தாயா, தானாகவே கண்டுபிடித்தாளா என்று தெரியவில்லை.

சரி, வழக்குக்கு வருகிறேன். போன சனிக்கிழமை, கடைசிச் சுற்று. எனக்கு இரண்டு மிருகம். ஒன்று மரமேறி, மரம் ஏறத் தெரிந்த நரிதான் அதைத் தொட முடியும். இன்னொன்று உடல் அளவு 6, அதற்கு மேல் அளவே கிடையாது, நரியோ தன்னைவிடச் சின்னதைத்தான் அடிக்க முடியும். அம்மாவின் நரி உடல் அளவு 4, எண்ணிக்கை 3, மரம் ஏறாது. பட்டினி போட்டே அதைத் தீர்த்துவிடலாம் என்று நான் மனசுக்குள் கூட்டிக் கழித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இன்னொரு மிருகம் சாது, உடல் அளவு 3, எண்ணிக்கை 5, அதில் மூன்று சாப்பிட்டதும் குட்டை காலி. அம்மா "நான் பாஸ்" என்றாள்.

அங்கேதான் நான் வாயை விட்டேன். பாஸ் சொல்ல முடியாது, நரி பசியோடு இருந்து, அடிக்கக்கூடிய மிருகம் ஒன்று இருந்தால் அடித்தே தீர வேண்டும், அது உன் சொந்த மிருகமாக இருந்தாலும் சரி, இதுதான் விதி என்றேன். "பெத்த பிள்ளையை யாராவது திம்பாங்களா, போங்க" என்றாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தப் பொடி எழுத்துப் புத்தகத்தைப் பிரித்து, பத்து நிமிஷம் வாதாடி, அவளை அடிக்க வைத்தேன். உன் அப்பனின் புத்திசாலித்தனத்தைப் பார்.

சாதுவில் ஒன்று போனது. அதில் இரண்டு எப்படியும் பட்டினியில் போகவிருந்ததுதானே, அதனால் நஷ்டம் பூஜ்யம். நரிக்கோ சாதுவின் உடல் அளவுக்குக் கறி, 3. மூன்று நரியும் வயிறு நிறைந்து பிழைத்தன. தின்று பையில் போட்டது 3, எண்ணிக்கை 3, நரி மேல் இருந்த 2 குணம், ஆக 8 புள்ளி. அவள் என்னை ஜெயித்தது 4 புள்ளியில். பேசாமல் பாஸ் சொல்ல விட்டிருந்தால் நான் 4 புள்ளியில் ஜெயித்திருப்பேன்.

ராத்திரி தூக்கம் வராமல் இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று தேடினேன். இது 2010ல் ரஷ்யாவில் வந்த ஒரு ஆட்டத்திலிருந்து பிறந்ததாம், அதை உருவாக்கிய டிமித்ரி க்னோரே உயிரியல்காரர், மாஸ்கோ பல்கலைக்கழகம். 2014ல் அமெரிக்காவில் நார்த் ஸ்டார் கேம்ஸ் அதை மாற்றி இந்தப் பெட்டியாகப் போட்டிருக்கிறது. உயிரியல் படித்தவர் என்றதும் நான் அதற்கு மேல் தேடவில்லை. பசித்த பூனை தன் குட்டியையே தின்றதை நம் பழைய வீட்டு விறகுக் கொட்டகையில் பார்த்தவன்தானே நானும்.

இப்போது நிலைமை என்னவென்றால், அந்த விதியை எடுத்துவிட்டு ஆடலாம், வீட்டு ஆட்டம்தானே என்கிறேன் நான். புத்தகத்தில் இருப்பதை மாற்றக் கூடாது என்கிறாள் அம்மா, இத்தனைக்கும் பெத்த பிள்ளை என்று பேசியவள் அவள்தான். நீ சொன்னால் கேட்பாள். வாட்ஸ்அப்பில் அவளுக்குத் தனியாக ஒரு வரி போடு, நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா