பின்கதவை வெட்டுவதற்கு முன்: ஃபிஃப்த் வீல் டிரெய்லர் இழுக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டியில், அந்தப் பின்தொட்டிக்குள்ளேயே பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வீட்டோடு விடுமுறைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை டெக்சாஸ் முகாம்களில் அவ்வப்போது சந்திக்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும், வண்டியின் பின்கதவை, அதாவது டெயில்கேட்டை, நடுவில் வி வடிவத்தில் வெட்டிவிடலாமா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. ஒருமுறை வெட்டிப் பார்த்தவன் நான். வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானதுதான். பந்துக் கொக்கியில் மாட்டும் சாதாரண டிரெய்லர் பம்பருக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் கழுத்தோ பின்கதவைத் தாண்டி உள்ளே வந்து, பின் அச்சுக்கு மேலே பொருத்திய தட்டில் அமர்கிறது. கழுத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், 2 அங்குல விட்டமுள்ள கிங்பின் என்ற முளையை அந்தத் தட்டின் தாடைகள் கவ்விக்கொள்கின்றன. பூட்டும்போதும் கழற்றும்போதும் கதவு இறங்கியிருந்தாக வேண்டும். நடுவில் வி வடிவத்தில் வெட்டிவிட்டால் கழுத்து அந்த இடைவெளி வழியே போய்வரும், கதவை இறக்க வேண்டியதில்லை என்பதுதான் வெட்டுவோரின் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், மழை வரப்போகிறதே என்ற அவசரத்தில் நான் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரெய்லரின் கால்களை இறக்கி, மின்வடத்தைக் கழற்றி, தாடையின் பிடியை இழுத்துவிட்டேன். கதவை இறக்குவதை மட்டும் மறந்துவிட்டேன். வண்டியை முன்னே எடுத்ததும் டிரெய்லரின் கழுத்து கதவை உள்ளிருந்து இடித்து நெளித்தது. எப்படியும் நெளிந்துவிட்ட கதவுதானே என்று அதை ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொண்டேன்.

வெட்டிய பிறகுதான் அந்தக் கதவு ஒரு வெறும் தகரப் பலகை அன்று என்பது எனக்குப் புரிந்தது. உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஒரு பெட்டி அது. இரு ஓரத்துத் தாழ்ப்பாள்களையும் இழுக்கும் கம்பிகள் நடுவிலுள்ள கைப்பிடியில் வந்து சேர்கின்றன, பின்புறக் கேமராவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வி வடிவ வெட்டு சரியாக அந்த இடத்தைத்தான் தின்கிறது. பிறகு ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் தனித்தனியாகக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். மேடுபள்ளமான சாலையில் கதவு எழுப்பிய சத்தத்தைப் பற்றி என் மனைவி சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

கேமராவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 மே 1 முதல் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராகும், மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேற்படாத வண்டிகள் அனைத்திலும் பின்புறக் காட்சி வசதி கட்டாயம். கட்டாயமான பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் விற்பனையாளர்களையும் பழுதுபார்க்கும் கடைகளையும் கட்டுப்படுத்துகிறது. சொந்தக்காரர் தாமே கழற்றுவது அதில் வராது. எனவே கேமராவை வேறிடத்துக்கு மாற்றித் தராமல் வெட்டித் தருகிறேன் என்று ஒரு கடை எளிதாக ஒப்புக்கொண்டால், அங்கே சற்றுத் தயங்குங்கள்.

ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் 2017 மாடலிலிருந்து உடல் அலுமினியம். அதைப் பற்றவைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். எஃகுத் திருகுகளை நேரடியாக முடுக்கினால் ஈரம் பட்டு இரு உலோகங்களும் சேருமிடம் அரிக்கும். 2019 முதல் வந்துள்ள, கதவுக்குள் கதவாக மடியும் ஜிஎம்சி சியராவின் பின்கதவையும், இரு துண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திறக்கும் ராம் வண்டியின் கதவையும் வெட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். (சியரா வைத்துப் பந்துக் கொக்கியில் இழுக்கும் நண்பர்கள், கொக்கி மாட்டியிருக்கையில் உள்கதவை மடித்தால் அது பந்தில் இடிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.)

எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லி வெட்டச் சொல்வோரும் உண்டு. கதவு மூடியிருக்கும்போது பின்தொட்டிக்குள் காற்று சுழன்று தங்கிவிட, மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிச் செல்கிறது. கதவை எடுப்பதால் லாபம் என்று சொல்ல இடமில்லை. பின்னால் ஒரு வீட்டையே இழுத்துச் செல்லும்போது இந்தக் கணக்கு எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

வி வடிவம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்து விற்கும் ஃபிஃப்த் வீல் டெயில்கேட்டை வாங்கி மாட்டுங்கள். அசல் கதவை மின்இணைப்பைப் பிரித்துக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி வண்டிக் கொட்டகையில் நிறுத்தி வையுங்கள். செலவு செய்ய மனமில்லாதவர்கள், கதவை இறக்கிய பிறகே தாடையின் பிடியைத் தொடுவது என்று பழகிக்கொண்டால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பூட்டும்போது கதவு இறங்கியிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: தாடைகள் முழுவதும் மூடியிருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க முடியும். கிங்பின் தாடைக்கு மேலே ஏறி நின்றுவிட்டால் வண்டியை நகர்த்தியதும் டிரெய்லர் பின்தொட்டியின் விளிம்புகளில் விழும். அந்தச் சேதத்தின் முன் நெளிந்த கதவு ஒன்றுமே இல்லை.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை விற்கும்போது, கேமரா எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, எந்தத் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்பதை வாங்குபவரிடம் எழுதிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுக்கவில்லை; என் வண்டியை வாங்கியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

இங்ஙனம்,
உங்களுள் ஒரு டிரெய்லர்காரன்