அந்த லேப்டாப் பக்கத்திலிருந்து எழுந்து போங்கள்

இந்த ஆண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் கால்குலஸ் எடுப்பவள் நான். கோடையில், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நடக்கும் ஓரியன்டேஷன் நாட்களில் கணிதத் துறையின் மேசையில் உட்கார்ந்து, எந்த வகுப்பில் சேருவது என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வழி சொல்வதும் என் வேலைதான். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று பார்க்கக் கல்லூரி வைக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டைப் பிள்ளை வீட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்காராதீர்கள்.

எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது என்பீர்கள். சந்தோஷம். ஆனால் மேசைக்கு வருகிற அப்பாக்கள் பேச்சுவாக்கில் கொட்டிவிடுகிறார்கள்: "கடைசி அஞ்சு கணக்கு மட்டும் நான் கொஞ்சம் பார்த்தேன் மேடம், மத்ததெல்லாம் அவனே போட்டான்." பையன் அப்போது சுவரில் இருக்கும் வளாக வரைபடத்தை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவுக்கு அது உதவி. எனக்கு அது அக்டோபரில் வந்து சேரும் தலைவலி.

இங்கே பல கல்லூரிகள் கணக்குக்கு அலெக்ஸ் என்ற மென்பொருளைத்தான் வைத்திருக்கின்றன. இப்போது மெக்ரா ஹில் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பிறந்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில். அதிகபட்சம் 30 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். நம் ஊர் வினாத்தாள் மாதிரி எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கிடையாது. பிள்ளை போடும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். இதன் அடிப்படை, டுவான்யோன் என்ற கணிதவியலாளரும் ஃபால்மான்ய் என்ற கணித உளவியலாளரும் 1985-ல் முன்வைத்த கோட்பாடு. ஒரு பாடத்தில் எதைத் தெரிந்துகொண்டால்தான் எதைக் கற்க முடியும் என்று ஒரு வரிசை உண்டு. ஆகவே ஒருவர் லாகரிதம் கணக்கைச் சரியாகப் போட்டால், அதற்கு அடியில் இருக்கும் அடுக்குக்குறி விதிகள் அவருக்குத் தெரியும் என்று மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. தனியாக மறுபடி கேட்பதில்லை. முப்பதே கேள்விகளில் முழு அல்ஜீப்ராவையும் அளக்க முடிவது இப்படித்தான்.

இப்போது அப்பா போட்ட அந்த ஐந்து கணக்கை யோசித்துப் பாருங்கள். மதிப்பெண் கொஞ்சம் கூடியதோடு விஷயம் முடியவில்லை. அந்த ஐந்துக்கும் கீழே உள்ள அத்தனையும் பிள்ளைக்குத் தெரியும் என்று பதிவாகிவிட்டது. தேர்வு முடிந்ததும் அலெக்ஸ் ஒரு வட்ட வரைபடம் காட்டும். இது தெரியும், இது தெரியாது என்று நிறம் பிரித்திருக்கும். தெரியாத பகுதிக்கு மட்டும் பாடமும் பயிற்சியும் தரும். கோடை முழுக்கப் படித்துவிட்டு, பெரும்பாலான இடங்களில் மறுபடி எழுதலாம். ஐந்து முறைவரை வாய்ப்புத் தருகிற கல்லூரிகள் பல. இந்த ஏற்பாட்டிலேயே உருப்படியான பகுதி அந்தப் பயிற்சிதான். அப்பா உதவிய பிள்ளைக்கு, எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இடத்தில் பயிற்சி வராது. அங்கே ஏற்கெனவே நிறம் நிரம்பியிருக்கிறதே! திரையில் "இதை இன்னும் படிக்கவில்லை" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மானம் போய்விடும் என்று நினைக்கிறோம். அதை அழுத்துகிற பிள்ளைக்குத்தான் மென்பொருள் வேலை செய்கிறது.

அக்டோபரில் நடப்பது இது. முதல் மிட்டேர்ம் தேர்வு முடிந்து விடைத்தாளோடு என் அறைக்கு வருவார்கள். சைன், காஸ், இ-யின் அடுக்கு எல்லாவற்றுக்கும் டெரிவேட்டிவ் மனப்பாடமாகச் சொல்வார்கள், கோச்சிங் சென்டர் புண்ணியம். 1/x-க்கு லிமிட் வழியாக டெரிவேட்டிவ் கண்டுபிடி என்பேன். 1/(x+h)-இலிருந்து 1/x-ஐக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். பென்சில் அங்கே நின்றுவிடும். பொதுப் பகுதி எடுத்துப் பின்னங்களைக் கழிக்கத் தெரியாது. சிலர் தைரியமாகக் கீழே இருப்பதைக் கீழேயும் மேலே இருப்பதை மேலேயும் கழித்து 0/h என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கால்குலஸில் தோற்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கால்குலஸில் தோற்பதில்லை. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் தோற்கிறார்கள். அதைத்தான் அந்தத் தேர்வு ஜூன் மாதமே சொல்லியிருக்கும்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் அரை மார்க் கட்-ஆஃபில் இ.சி.இ. போய் மெக்கானிக்கல் கிடைத்த தலைமுறை நாம். தேர்வு என்றாலே யாரையோ முந்த வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. இங்கே பிள்ளைக்கு இடம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. இந்த மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் அதைப் பறிக்கப்போவதில்லை. ட்ரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது, வேலைக்கு எடுப்பவரும் கேட்கமாட்டார். ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறுவது கால்குலஸில் வாங்கும் டி கிரேடு. பல உதவித்தொகைகள் ஒரு குறைந்தபட்ச ஜி.பி.ஏ.வை, அதாவது சராசரி கிரேடைக் காப்பாற்றினால்தான் அடுத்த ஆண்டும் வரும். அது போனால் வலிப்பது உங்கள் பணப்பைக்குத்தான்.

கால்குலஸுக்கு முந்தைய வகுப்பான ப்ரீகால்குலஸில் போட்டுவிட்டால் இன்ஜினியரிங்கில் ஒரு செமஸ்டர் பின்தங்கும் என்பது மட்டும் நியாயமான கவலை. முதல் இயற்பியல் பாடமே கால்குலஸை எதிர்பார்க்கும். சங்கிலி முழுதும் தள்ளிப்போகும். அதற்கு வழி ஜூலையில் இருக்கிறது: பயிற்சியை முடித்து மறுதேர்வு, அல்லது அருகிலிருக்கும் கம்யூனிட்டி காலேஜில் கோடை வகுப்பு. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை மட்டும் கல்லூரியின் பாட ஆலோசகரான அட்வைசரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தத் தேர்வுகள் தெய்வ வாக்கு என்று நான் சொல்லவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட ஆய்வுகள், நேரடியாகக் கல்லூரிப் பாடம் படித்தே தேறியிருக்கக்கூடிய பலர் தேர்வினால் கிரெடிட் இல்லாத ரெமிடியல் வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டதைக் காட்டின. கலிபோர்னியா 2017-ல் சட்டமே போட்டது; அங்கே கம்யூனிட்டி காலேஜ்களில் இன்று முதலில் பார்ப்பது பள்ளி மதிப்பெண்களைத்தான். எனவே உங்கள் பிள்ளையைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று உண்மையாகவே தோன்றினால், பள்ளி மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு போய் முறையிடலாம். குறைவாக வந்த உண்மையான மதிப்பெண்ணோடு வாதாட முடியும். கடன் வாங்கிய மதிப்பெண்ணோடு என்ன வாதாடுவது? வெப்கேம் வைத்துக் கண்காணிக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே மாட்டினால் வகுப்பு தொடங்கும் முன்பே ஒழுங்கு நடவடிக்கை.

ஓரியன்டேஷன் நாளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காலையிலேயே பெற்றோரை ஒரு அரங்குக்கும் பிள்ளைகளை வேறு இடத்துக்கும் பிரித்து அனுப்புவார்கள். கூடவே போக முயலாதீர்கள். வகுப்புகளைப் பதிவு செய்யும் அறையில் அட்வைசர் முன்னால் பிள்ளை மட்டும்தான் உட்கார வேண்டும். கதவருகே நின்று போனில் "கெமிஸ்ட்ரி லேப் வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்று மெசேஜ் அனுப்பும் அம்மாக்களை அட்வைசர்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளியிலேயே எழுதிய கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி.யின் மதிப்பெண்கள் ஜூலையில்தான் வரும். ஜூன் ஓரியன்டேஷனுக்குப் போகிறவர்கள் அது வந்ததும் பதிவை மாற்ற வேண்டியிருக்கலாம். இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், அது உதவி. அப்புறம் ஃபெர்பா. மாணவர் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று சொல்லும், 1974-ல் வந்த சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது 18 ஆகாவிட்டாலும், மதிப்பெண் விவரங்களின் மீதான உரிமை பிள்ளைக்குத்தான். கட்டணம் நீங்கள் கட்டினாலும் நான் உங்கள் மின்னஞ்சலுக்கு வணக்கம் மட்டுமே பதிலாகப் போட முடியும். பிள்ளை விரும்பிச் சம்மதப் படிவம் கொடுத்தால் வேறு கதை. அதைச் சாப்பாட்டு மேசையில் கேளுங்கள், என் அலுவலக வாசலில் வேண்டாம்.

மொழித் தேர்வு எழுதும் பிள்ளைகளிடமும் இதே சங்கதிதான். பெர்க்லி, சிகாகோ போன்ற சில பல்கலைக்கழகங்களில் தமிழே பாடமாக இருக்கிறது. வீட்டில் சரளமாகப் பேசுகிறவள் "அ" எழுதத் தெரியாமல் முதல் நிலையில் அமர்த்தப்பட்டால் குதிக்காதீர்கள். அங்கே எழுதக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஏற்கெனவே பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாயிற்று என்றால், இன்னும் வாய்ப்பு மீதமிருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒருமுறை எழுதட்டும். இல்லாவிட்டால் ஆகஸ்டில் முதல் வாரமே ஆசிரியரிடம் போய், இந்த வகுப்பு எனக்குச் சரிதானா என்று கேட்கட்டும். வகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி தரும் கெடு முடியும் முன் கீழ் வகுப்புக்கு மாறினால் ட்ரான்ஸ்கிரிப்டில் ஒரு தடமும் இருக்காது. அந்தக் கெடு பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு வாரங்களிலேயே முடிந்துவிடும். தேதியைக் கல்லூரி நாட்காட்டியில் இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கால்குலஸ் டீச்சர் ஒருத்தி