உங்கள் கடவுளைக் கும்பிடுவது யார்? மிகுபுனைவு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுதும் எழுத்தாளர்களுக்கும் விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உலகங்களில் எனக்குக் குறையே இல்லை, ஒன்றைத் தவிர. மலைத்தொடர் எங்கே முடிகிறது, மழை எந்தப் பக்கம் பெய்கிறது, எந்த நாட்டு நாணயத்தில் யார் முகம் என்பதெல்லாம் யோசித்து வைத்திருக்கிறீர்கள். கடவுள் என்று வந்ததும் கை தளர்ந்துவிடுகிறது. நெருப்புக்கு ஒருவர், போருக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர் (அவருக்கு எப்போதும் கறுப்பு உடை). ஆளுக்கொரு சின்னம், ஓர் ஆயுதம், ஒரு பிறப்புக் கதை. பதவியேற்பு முடிந்து அமைச்சர்களுக்கு இலாகா ஒதுக்கிய பட்டியல் மாதிரி இருக்கிறது. இந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் எங்கே என்று தேடினால், பலிபீடத்தருகே மண்டியிட்ட ஒரு கூட்டம் தெரிகிறது. அதில் யாருக்கும் முகம் கிடையாது.

இலாகா பிரிப்பது தமிழுக்குப் பழையதுதானே, மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நிலத்துக்கு ஒருவரைத் தொல்காப்பியமே சொல்கிறதே என்று கேட்பீர்கள். சரி. ஆனால் அங்கே காடும் மலையும் வயலும் கடற்கரையும் இருக்கின்றன. அங்கே மாடு மேய்ப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்போடு ஒட்டிக்கொண்டுதான் தெய்வம் வருகிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் நீதிக் கடவுள் எந்த ஊர்க்காரர், அவருக்கு யார் விளக்கேற்றுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

இந்தப் பழக்கத்தில் பாதி விளையாட்டுகளிலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் பூசாரியும் ஒரு பாத்திர வகை. அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை மந்திரம் என்று கணக்கு உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது அது நியாயம்தான், விதி இல்லாமல் ஆட முடியாது. கதைக்குள்ளும் அதே கணக்கை வைத்தால்தான் சிக்கல். வேண்டியது கட்டாயம் கிடைக்கும் என்ற இடத்தில் நம்பிக்கைக்கு என்ன வேலை? சந்தேகப்படுகிறவரும் இல்லை, சமாளிக்கிறவரும் இல்லை.

கடவுளைத் திட்டமிட்டுச் செய்வதில் உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தைப் பிடித்துக்கொண்ட முதலாம் தாலமி, கிரேக்கரும் எகிப்தியரும் சேர்ந்து வாழும் தன் நாட்டுக்குத் தோதாக செராபிஸ் என்ற தெய்வத்தை முன்னிறுத்தினார். பெயரில் எகிப்தின் ஒசிரிஸ் தெய்வமும் ஆப்பிஸ் என்ற புனிதக் காளையும் கலந்திருந்தார்கள். உருவமோ தாடி வைத்த கிரேக்கர், தலையில் தானியம் அளக்கும் மரக்கால். அரண்மனை தூக்கிவிட்ட சாமி எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தோன்றும். அலெக்சாந்திரியாவில் இருந்த பெரிய கோயில் கி.பி. 391 வாக்கில் இடிக்கப்படும்வரை, அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றார்.

எப்படி என்பதற்கு ஒரு தடயம் கிரேக்கத்தின் டீலோஸ் தீவில் கிடைத்த கல்வெட்டு. கி.மு. 200ஐ ஒட்டியது. ஒரு பூசாரி எழுதி வைத்திருக்கிறார்: அவருடைய தாத்தா செராபிசை எகிப்திலிருந்து அங்கே கொண்டுவந்தார். மூன்று தலைமுறையாகச் சாமி குடியிருந்தது வாடகை இடத்தில். ஒருநாள் கனவில் வந்து, இனிமேல் வாடகை வேண்டாம், எனக்கென்று ஒரு கோயில் கட்டு, இடத்தை நானே காட்டுகிறேன் என்கிறார். காட்டிய இடம் சாணமும் குப்பையும் நிறைந்த மனை. விற்பனைக்கு என்ற சின்னஞ்சிறு பலகை சந்தைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்ததாம். வாங்கினார்கள், ஆறே மாதத்தில் கட்டி முடித்தார்கள். உடனே வேண்டாதவர்கள் வழக்குப் போட்டார்கள். தெய்வம் எதிராளிகளின் வாயைக் கட்டிவிட்டது, வழக்கு ஜெயித்தது, அந்த நன்றிக்குத்தான் கல்வெட்டு.

வாடகை, குப்பை மனை, வழக்கு. இந்த மூன்றும் சேர்ந்து அந்தச் சாமியை எனக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஆக்கிவிடுகின்றன. உங்கள் நாவல்களில் ஒளித்தூணாக இறங்கும் தேவர்கள் யாரும் அப்படி ஆனதில்லை.

வேண்டுதல்களைப் பாருங்கள். மிகுபுனைவுப் பக்தர்கள் எப்போதும் உலகத்தைக் காப்பாற்றச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வம் இருந்தது. ரோமானியர்கள் வந்து அதைத் தங்கள் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து வைத்தார்கள். அந்த ஊற்றிலிருந்து, பக்தர்கள் வேண்டுதலை எழுதிப் போட்ட ஏறக்குறைய 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். ஒருவருக்கு இரண்டு கையுறை தொலைந்துபோனது. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று கேட்கிறார். இரண்டு கையுறைக்கு! தகடுகள் பலவற்றில் 'ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ' என்ற வாசகம் வருகிறது. சட்டப் பத்திரத்தில் ஓட்டை விடக்கூடாதல்லவா, தெய்வத்திடமும் அதே எச்சரிக்கை.

மோசடி என்றதும் உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தலைமைப் பூசாரி கெட்டவர், கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழலும். போதும், ஐயா.

நிஜத்தில் அது எவ்வளவு சுவாரசியமாகக் குழம்பியிருக்கிறது என்பதற்கு எகிப்தின் சக்காரா இடுகாடு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே தோத் தெய்வத்துக்காக அரிவாள் மூக்கன் பறவைகளை இலட்சக்கணக்கில் பாடம் செய்து, பானையில் வைத்துக் காணிக்கையாகப் புதைத்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அங்கே வேலை பார்த்த ஹோர் என்பவர் உடைந்த பானைச் சில்லுகளில் எழுதிய குறிப்புகள் கிடைத்துள்ளன. முறைகேடுகளைப் பற்றிய புலம்பலும், ஒரு பானைக்கு ஒரு தெய்வம் (அதாவது பாடம் செய்த ஒரு பறவை) இருக்கவேண்டும் என்ற விதியும் அவற்றில் உண்டு. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால் பானைகளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். நம் காலத்தில் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட எகிப்திய விலங்கு மம்மிகளை ஊடுகதிரில் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த செய்தி: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எலும்பே இல்லை. சேறு, நாணல், முட்டை ஓடு. ஏமாற்று என்று நமக்கு உடனே தோன்றும். ஆனால் அந்த விலங்கு இருந்த இடத்து மண்ணும் கூட்டுக் குப்பையும்கூடப் புனிதம்தான் என்று அவர்கள் கருதியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரப்பு. ஏமாற்றா நம்பிக்கையா என்று பிரிக்க முடியாத அந்த இடத்தில் ஒரு நாவலே உட்கார்ந்திருக்கிறது. யாராவது எழுதுங்களேன்.

அப்புறம் தோல்வி. வேண்டுதல் பலிக்காதபோது பக்தர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில்தான் ஒரு மதத்தின் உயிரே இருக்கிறது. கி.மு. 249இல் ரோமானியத் தளபதி புல்கர், கடற்போருக்கு முன் சகுனம் பார்க்கும் கோழிகள் தீனியைத் தொடவில்லை என்றதும், தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கடலில் எறிந்தாராம். போரில் படுதோல்வி. கோழிக் கதையைப் பின்னால் கோத்திருக்கவும் கூடும். அப்படியென்றால் இன்னும் நல்லது. இத்தனை கப்பல் போனதற்குக் காரணம் வேண்டும், தெய்வத்தைக் குறை சொல்ல முடியாது, கோழியை எறிந்தவன் கிடைத்தான்.

எங்கள் உலகில் கடவுள் நிஜமாகவே இறங்கி வந்து பேசுவாரே என்பீர்கள். பேசட்டும். அப்போது பூசாரிக்குப் பிழைப்பு என்ன? வரிசையை ஒழுங்குபடுத்துவதா? ஒரே நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் இருவரும் அந்தக் கடவுள் முன் வந்து நின்றால் தோற்றவர் வீட்டில் அன்று இரவு என்ன பேச்சு நடக்கும்? கடவுள் இல்லாத உலகத்தைவிட அங்கே கேள்விகள் அதிகம். நீங்கள்தான் ஒன்றையும் கேட்பதில்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகல்ல என்பதால் என் பங்குக்கு ஒரு தெய்வம் தருகிறேன். அகலமான ஆறு, இரண்டு கரையிலும் ஊர், நடுவே படகோட்டிகள். அவர்களுக்கு ஒரு துறைக்காரி. வடகரைச் சிலையின் கையில் துடுப்பு உண்டு. தென்கரைச் சிலையின் கை வெறுமை. வடகரைக்காரன் திருடிவிட்டான் என்பது தென்கரைப் புராணம். தென்கரைக்காரன் சூதில் தோற்றான் என்பது வடகரைப் புராணம். கோயில் இரண்டும் படகோட்டிகள் தரும் காணிக்கையில் நடக்கின்றன. இப்போது அரசன் பாலம் கட்டப் போகிறான். முதல் தூண் வெள்ளத்தில் போகிறது, தெய்வக் குற்றம் என்று ஊரே சொல்கிறது. இரண்டாவது தூண் நின்றுவிடுகிறது. பூசாரிகள் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு, துறைக்காரி மனம் இரங்கிவிட்டாள், பாலத்தின் நடுவில் ஒரு சன்னதி கேட்கிறாள், சுங்கத்தில் பங்கும் கேட்கிறாள் என்று அறிவிக்கிறார்கள். படகோட்டிகளிடம் இதைப் போய்ச் சொல்லவேண்டியது வயதில் மிகவும் சிறிய பூசாரி. அவனுடைய அப்பாவும் படகோட்டி.

துறைக்காரி உண்மையில் இருக்கிறாளா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை. விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், உரிமை கேட்டு வரமாட்டேன். துடுப்பை மட்டும் எந்தக் கரைக்கும் தீர்ப்பாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்